சாவி முதல் செல்ஃப் மோட்டார் வரை: பழைய டிராக்டரின் ஸ்டார்ட்டர் வயரிங்கைப் புதிதாக அமைத்தல்

ஆடிப் பட்டத்துக்கு முன்னோடியாகப் பெய்யும் மழையில் செம்மண் நனைந்து உழவுக்குப் பதமாகி நிற்கிற இரண்டு மூன்று நாட்களிலேதான், சேலம் நாமக்கல் சமவெளியின் பழைய டிராக்டர்கள் பலவும், சாவியைத் திருப்பியவுடன் ‘டக்’ என்று ஒரே ஒரு சப்தம் கொடுத்துவிட்டு மௌனமாகிவிடுகின்றன. கோடை முழுவதும் கொட்டகையில் நின்ற வண்டியின் பேட்டரி தானாகவே வலுக் குறைந்து, அதன் முனைகளில் பூத்த உப்புத் தடித்து, எர்த் கம்பியின் அடியில் துரு ஏறி, எல்லாம் ஒன்றுசேர்ந்து முதல் ஓட்டு நாளன்று தம் பலனைக் காட்டுகின்றன. அந்நாளில் செய்யப்படுபவை யாவும் அவசரத்தில் செய்யப்படுபவை: சரிவு பார்த்து உருட்டுவார்கள், பக்கத்துத் தோட்டத்து வண்டியைக் கட்டி இழுப்பார்கள், மறுநாள் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவார்கள், அல்லது கடன் சொல்லியாவது புதுப் பேட்டரி வாங்குவார்கள். மோட்டாரும் பேட்டரியும் நல்ல நிலையில் இருக்க, அவ்விரண்டையும் இணைக்கிற வழி கெட்டிருப்பதே பெரும்பாலான வண்டிகளில் காரணம் என்பதும், அவ்வழியை அங்கங்கே ஒட்டுப்போடாமல் ஒருமுறை முழுவதும் புதிதாக அமைத்துவிடுவதே சிக்கனம் என்பதும் இந்த அத்தியாயத்தின் கொள்கை.

நம் பிரதேசத்தில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிற பழைய வண்டிகள், 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாசே பெர்குசன் ஆகட்டும், 1963-இல் தோன்றிய இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனியின் பி-275 ஆகட்டும், எஸ்கார்ட்ஸின் போர்டு ஆகட்டும், பின்ஜோரிலிருந்து வந்த எச்.எம்.டி. ஆகட்டும், அனைத்தும் டீசல் வண்டிகளே. டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு இடமில்லை. காற்று அழுத்தப்பட்டுச் சூடேறுவதாலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஆகவே இவ்வண்டிகளில் இக்னீஷன் சுவிட்ச் என்று நாம் வழங்குகிற சாவிக்கு, மீட்டர்களுக்கும் சார்ஜ் விளக்குக்கும் மின்சாரம் கொடுப்பதும், சில வண்டிகளில் குளிர்காலத்துக்கென உள்ள ஹீட்டரை இயக்குவதும், செல்ஃப் மோட்டாரைச் சுழலச் செய்வதுமே வேலை. எஞ்சினை நிறுத்துவது பெரும்பாலும் சாவியன்று, எண்ணெயைத் தடுக்கிற ஸ்டாப் குமிழ்தான். இதை முதலிலேயே சொல்வதற்குப் பிரயோஜனமான காரணம் ஒன்று உண்டு: அந்தக் குமிழை வெளியே இழுத்து வைத்துக்கொண்டால், எஞ்சின் உயிர்பெறாமலே செல்ஃப் அடித்து, வேண்டிய அளவுகளை நிதானமாக எடுக்கலாம். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் தயாரான பெர்குசன் டி.இ.-20 போன்ற பெட்ரோல் வண்டியை எவரேனும் பேணி வைத்திருந்தால், அதற்குக் காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் தனியே உண்டு. அவ்வண்டியில் கியர் நெம்புகோலையே ‘எஸ்’ என்ற ஸ்தானத்துக்குத் தள்ளித்தான் செல்ஃப் அடிக்க வேண்டும். நம் வயல்களில் அது அபூர்வம் என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை.

செல்ஃப் மோட்டாரின் சுபாவத்தை அறிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினின் அழுத்தத்தை எதிர்த்துச் சுழற்றுவதற்கு, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது 200 முதல் 400 ஆம்பியர் வரை உறிஞ்சுகிறது. அசையத் தொடங்குகிற அந்த ஒரு கணத்தில் இன்னும் அதிகம். இவ்வளவு பெரிய ஓட்டத்துக்கு முன்னால் அற்பமான தடையும் பெரிய தடை. உப்புப் பூத்த ஒரு பேட்டரிக் கிளாம்பின் தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். முன்விளக்கு எடுக்கிற 5 ஆம்பியருக்கு அந்தத் தடையில் இழப்பாவது வெறும் 0.05 வோல்ட், விளக்கு பளிச்சென்று எரியும். அதே கிளாம்பின் வழியாக 250 ஆம்பியர் போக முற்பட்டால் இழப்பு 2.5 வோல்ட், அவ்விடத்தில் மட்டும் 625 வாட் சூடாக வீணாகும். பாதி அடைபட்ட மதகு கீரைப் பாத்திக்குப் போதிய தண்ணீர் விடும், ராஜவாய்க்காலின் கடைமடை நெல்லுக்கு விடாது என்பதைப் பரமத்தி வேலூர்ப் பக்கத்து விவசாயிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ‘லைட் நன்றாக எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஆகவே பேட்டரி லைன் சரி, மோட்டார்தான் போய்விட்டது’ என்று நாள்தோறும் சொல்லப்படுகிற தீர்ப்பு தவறிப்போவது இதனாலேயே.

ஆதலால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் மல்டிமீட்டரைத் தொட வேண்டும். சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்டாப் குமிழை இழுத்துவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, மற்றவர் பேட்டரியின் இரு ஈய முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது முனைகளில் 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டார் உள்ளே இறுகி அளவுக்குமீறி இழுக்கிறது. முனைகளில் 11.5-க்கு மேல் நின்றுகொண்டே மோட்டார் சோம்பிச் சுழன்றால், அல்லது சுழலாமலே நின்றால், குற்றம் பெரும்பாலும் வழியில்தான் இருக்கும். அப்போது பேட்டரியின் பாசிட்டிவ் ஈயமுனையில் மீட்டரின் ஒரு காலையும், பாசிட்டிவ் கேபிள் வந்து சேருகிற மோட்டாரின் பெரிய போல்ட்டில் மறு காலையும் வைத்து மறுபடி செல்ஃப் அடிக்க வேண்டும். அந்தப் பாதையில் 0.5 வோல்ட்டுக்கு மேல் இழப்பு ஆகாது. மோட்டாரின் உடலுக்கும் நெகட்டிவ் ஈயமுனைக்கும் இடையே 0.3-க்கு மேல் ஆகாது. கிளாம்பைத் தொடாமல் ஈயத்தையே தொட வேண்டும் என்பது இங்கே மிக முக்கியம். ஏனெனில் திருடன் பல சமயங்களில் கிளாம்புக்கும் ஈயத்துக்கும் நடுவிலேதான் ஒளிந்திருக்கிறான். கண்ட அளவுகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்தபின் அதே இடங்களில் மீண்டும் அளந்து பார்ப்பதற்கு அவை வேண்டும்.

வயர் கெடுவதற்கு நம் ஊரில் எங்கும் உள்ள காரணங்களோடு சில விசேஷ காரணங்களும் சேர்கின்றன. நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் கோழிப்பண்ணை ஓரத்தில் நிறுத்தப்படுகிற, கோழியெருவைச் சுமக்கிற வண்டிகளில் செம்பும் பித்தளையும் சீக்கிரம் பச்சை பிடிக்கின்றன. எருவிலிருந்து கிளம்புகிற அம்மோனியா ஈரத்தோடு கூடிச் செம்பை அரிப்பதே காரணம். மக்காச்சோளமோ நிலக்கடலையோ அடுக்கிய கொட்டகையில் வண்டி நின்றால் எலிக்கு வயரின் மேலுறையும் தீனியாகிறது. எஞ்சின் சூட்டோடு சித்திரை வெயிலும் சேர்ந்து, பல ஆண்டுகளில் அந்த மேலுறையை அப்பளம்போல் நொறுங்கச் செய்கிறது. பழைய எர்த் கம்பியைக் கிளாம்பிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கத்தியால் சீவிப் பார்த்தால், வெளியே முழுசாகத் தோன்றுகிற உறைக்குள்ளே செம்பிழைகள் கறுத்து, விரலால் தேய்த்தால் நீலப்பச்சைப் பொடியாக உதிர்வதைக் காணலாம். பேட்டரியின் ஆசிட் ஈரம் கம்பியின் இழைகளுக்குள்ளேயே ஊடுருவிச் சென்றதன் அடையாளம் அது. அப்படிப்பட்ட கம்பியின் முனையை மட்டும் வெட்டி, போல்ட்டில் மாட்டுகிற செம்பு முனையான லக்கைப் புதிதாகப் போடுவது பயனற்ற சிக்கனம்.

சாமான் வாங்குவதற்கு நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டைக் காட்டிலும் சௌகரியமான இடம் தமிழ்நாட்டில் குறைவு. லாரிக்கும் போர்வெல் ரிக் வண்டிக்கும் வயரிங் செய்கிற கடைகள் நிறைந்த ஊர்கள் இவை. தடித்த கேபிள் மீட்டர் கணக்கில் கிடைக்கும், லக்கை அழுத்துகிற ஹைட்ராலிக் கருவியும் அங்கேயே இருக்கும். ஆயினும் அந்தச் சௌகரியத்தோடு ஓர் அபாயமும் பின்னியிருக்கிறது. லாரிகள் 24 வோல்ட், டிராக்டர் 12 வோல்ட். ரிலேயோ பல்போ வாங்கும்போது ‘டிராக்டருக்கு, 12 வோல்ட்’ என்று வாய்விட்டுச் சொல்லி, பொருளின் மேல் அச்சிட்டிருப்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். 24 வோல்ட் ரிலே நம் வண்டியில் இழுக்காமலே போகலாம், அல்லது அரைகுறையாக இழுத்து, சில நாளில் தன் முனைகளைத் தானே கருக்கிக்கொள்ளலாம். அதனினும் கொடியது, ஸ்டார்ட் ஆகாத டிராக்டரை லாரியின் இரண்டு பேட்டரிகளோடும் சேர்த்துக் கம்பி கொடுத்து எழுப்ப முயல்வது. பல்புகள் போவதோடு ஆல்டர்னேட்டரும் போகலாம். உதவி வேண்டுமானால் லாரியின் ஒரே ஒரு பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கேபிளின் கனத்தில் கஞ்சத்தனம் கூடாது. 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளின் தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.0005 ஓம், பாசிட்டிவும் எர்த்தும் சேர்ந்து இரண்டரை மீட்டர் என்றால், 300 ஆம்பியரில் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும். 50 சதுர மில்லிமீட்டர் போட்டால் கால் வோல்ட் அளவிலே நின்றுவிடும். பார்வைக்குத் தடிமனாகத் தோன்றி உள்ளே 16 சதுர மில்லிமீட்டர் மட்டுமே செம்பு வைத்திருக்கிற மலிவுக் கேபிளில் அதே இழப்பு 0.8 வோல்ட்டைத் தாண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினியமும் சந்தையில் உண்டு. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரிகிறதா, கையில் எடுத்தால் கனக்கிறதா என்று பார்த்து வாங்குவது விவேகம். வீட்டு வயரிங்குக்கு உரிய ஒற்றைக் கம்பி வண்டிக்கு உதவாது, அதிர்வில் முறிந்துபோகும். மெல்லிய இழைகள் பல சேர்ந்த வண்டி வயரே வேண்டும்.

வேலை தொடங்குமுன் கைமோதிரம், வெள்ளிக் காப்பு, அரைஞாண் உட்பட உலோகம் எதுவும் உடலில் இராமல் கழற்றி வைத்துவிட வேண்டும். பேட்டரிக்கும் வண்டியுடலுக்கும் நடுவே அகப்பட்ட மோதிரம் இமைப்பொழுதில் சிவக்கக் காயும். எர்த் கம்பியை முதலில் கழற்றுவதும் கடைசியில் மாட்டுவதும் மாறாத விதி. அதை மாற்றிச் செய்தால், பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பானர் போனட்டில் பட்ட மாத்திரத்தில் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கக்கூடும் என்பதால் அந்தப் பொறி பேட்டரியையே வெடிக்கச் செய்யலாம். ஆசிட் சிந்திய தட்டைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி உலர்த்த வேண்டும். அந்தத் தண்ணீர் பேட்டரியின் மூடிகளுக்குள் இறங்கிவிடலாகாது.

பழைய வயரைப் பிடுங்குவதற்கு முன் ஒவ்வொரு முனையையும் செல்போனில் படமெடுத்து, துணி டேப்பில் எழுதி ஒட்டிவிட வேண்டும். 1961-இல் சென்னையில் தோன்றிய லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தின் மின்சாதனங்கள் நம் டிராக்டர்களில் பலவற்றில் இடம்பெற்றதால், ஆங்கில வண்டிகளின் நிற மரபு இங்கேயும் காணப்படும்: பழுப்பு, பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை, சாவி போட்டபின் உயிர்பெறுவது, வெள்ளையில் சிவப்புக் கோடு, செல்ஃபுக்குப் போவது, பச்சை, சாவியும் ஃபியூஸும் தாண்டி வருவது, பழுப்பில் மஞ்சள் கோடு, சார்ஜ் விளக்குக்கு உரியது, கறுப்பு, எர்த். பல கைகள் மாறிய வண்டியில் அந்த மரபை நம்பிவிடக் கூடாது. கிடைத்த நிறத்தில் கிடைத்த வயரைப் போட்டு ஒட்டியவர்கள் நமக்கு முன்னால் பலர் இருந்திருப்பார்கள். புதிதாக அமைப்பவராவது அந்த நிறங்களைக் காப்பாற்றினால், அடுத்துக் கைவைக்கிற எலக்ட்ரீஷியன் இருட்டிலும் வழி கண்டுபிடிப்பார்.

முதலில் தடித்த கம்பிகள். பாசிட்டிவ் கேபிள் பேட்டரியிலிருந்து மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கு நேராக, நடுவில் ஒட்டு இல்லாமல் போக வேண்டும். இந்தக் கேபிளுக்கு ஃபியூஸ் கிடையாது. எங்கேனும் உரசி இரும்பில் பட்டால் பேட்டரியின் முழுச் சக்தியும் அங்கே தீயாகும். ஆகையால் புகைக்குழாய்ப் பக்கமும் டீசல் குழாயோடு ஒட்டியும் போகாதபடி வழி தேர்ந்து, கனத்த ஸ்லீவ் ஏற்றி, சாணுக்கு ஒரு கிளிப் வைத்து, தகட்டுத் துளையைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டே கொண்டுபோக வேண்டும்.

எர்த் கம்பியைப் பற்றி இன்னும் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதை அதிகம் புறக்கணிக்கிறோம். பாசிட்டிவில் போகிற ஒவ்வோர் ஆம்பியரும் எர்த் வழியாகத் திரும்பிவந்தாக வேண்டும். 300 போனால் 300 வர வேண்டும். அப்படியிருந்தும், பாசிட்டிவுக்கு விரல் தடிமனில் கேபிள் வாங்கிப் போடுபவர் எர்த்துக்குப் பழைய சடைக்கம்பியை அப்படியே விட்டுவிடுவதையும், அதைப் பேட்டரிப் பெட்டித் தகட்டில் பெயின்ட்டுக்கு மேலேயே முடுக்கிவைப்பதையும் எங்கும் காண்கிறோம். பேட்டரித் தகட்டிலிருந்து முன்பக்கச் சட்டம், சட்டத்திலிருந்து எஞ்சின், எஞ்சினிலிருந்து மோட்டார் என்று துருவேறிய போல்ட்டுகள் பலவற்றின் வழியே மின்சாரம் திரும்ப வேண்டியிருக்கிறது. வழி கிடைக்காதபோது அது கிளட்ச் கேபிள், ஸ்டாப் கம்பி போன்றவற்றின் வழியாகத் திரும்ப முயலும். செல்ஃப் அடித்தபின் ஸ்டாப் கம்பி சுட்டால் எர்த் அறுந்துவிட்டது என்று அறியலாம். எனவே எர்த் கேபிளும் பாசிட்டிவின் அதே கனத்தில் இருக்க வேண்டும். அதன் மறுமுனை மோட்டார் பொருந்தியிருக்கிற வார்ப்பிரும்பு உடலில், மோட்டாருக்கு அருகிலுள்ள போல்ட்டிலேயே முடிய வேண்டும். அவ்விடத்தில் லக் படியும் வட்டத்தை அரத்தால் தேய்த்து, வெள்ளிபோல் இரும்பு தெரியும்வரை பெயின்ட்டை நீக்கி, பல்வாஷர் வைத்து முடுக்கி, முடுக்கிய பின்னர் மேலே வாஸ்லின் தடவ வேண்டும். முன்னால் தடவுவது பலர் செய்கிற பிழை. உலோகம் உலோகத்தை அழுத்திப் பற்றியபின் ஈரம் புகாதிருக்கவே வாஸ்லின். மோட்டார் பொருந்துகிற முகத்திலும் பெயின்ட் இருந்தால் அதையும் சுரண்டிவிட வேண்டும், மோட்டாரின் எர்த் அதன் உடலேயாதலால்.

லக் போடுவதில் வேலையின் தரம் தெரியும். கேபிள் முனையில் உறையை லக்கின் குழல் ஆழத்துக்குச் சரியாக மட்டும் சீவ வேண்டும். ஓரிழைகூட வெட்டுப்படக் கூடாது. செம்பு புதுக் காசுபோல் மின்ன வேண்டும். அறுகோண அச்சுள்ள ஹைட்ராலிக் கருவியால் அழுத்தினால், இழைகளும் குழலும் ஒரே கட்டியாகிவிடும். அப்படி அழுத்திய ஒரு லக்கை ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பார்த்தால் இழைகளுக்கு நடுவே ஊசி நுழைகிற இடமும் இராது. சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கிய லக்கிலோ இழைகளுக்கு நடுவே சந்துகள் இருக்கும். ஆசிட் ஈரம் அச்சந்துகளில் குடிபுகும். ஈயப்பற்று மட்டும் வைத்து நம்பிவிடுவதும் சரியன்று: நீண்ட நேரம் செல்ஃப் அடித்துச் சூடேறினால் ஈயம் இளகும், பற்று முடிகிற இடத்தில் கம்பி விறைத்து அதிர்வில் முறியும். அழுத்தியபின், உள்ளே பசையுள்ள சுருங்கு ஸ்லீவை லக்கின் கழுத்தோடு சேர்த்துச் சூடுகாட்டி மூட வேண்டும்.

இனி மெல்லிய வயர்கள். மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கிற சொலினாய்டுக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று இழுக்கும் சுருள், மற்றது பிடித்துவைக்கும் சுருள். சாவியைத் திருப்பியதும் இரண்டும் சேர்ந்து பென்டிக்ஸ் பல்சக்கரத்தை ஃப்ளைவீல் வளையத்தோடு கோத்து, பெரிய செம்பு முனைகளை ஒன்றோடொன்று சேர்க்கின்றன. முனைகள் சேர்ந்தவுடன் இழுக்கும் சுருளின் இரு பக்கமும் ஒரே வோல்ட் ஆகி அது ஓய்ந்துவிடுகிறது, மற்றது மட்டும் பிடித்துக்கொள்கிறது. ‘டக டக டக’ என்று இயந்திரத் துப்பாக்கிபோல் சொலினாய்டு துடிப்பது ஏன் என்பது இதிலிருந்து புலப்படும்: முனைகள் சேர்ந்து மோட்டார் இழுத்தவுடன் வோல்ட் சரிந்து பிடிப்பு நழுவுகிறது, நழுவியதும் வோல்ட் ஏறி மறுபடி இழுக்கிறது. இது பேட்டரியின் அல்லது தடித்த கம்பியின் நோய். தடித்த கம்பிகளின் வழி சரியாக இருந்தும் ஒரே ‘டக்’ மட்டும் கேட்டு நின்றால் பெரும்பாலும் செம்பு முனைகள் கருகியிருக்கும், அல்லது மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கும். சப்தமே இல்லையென்றால் சாவி, கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டும் செல்ஃபுக்கு வழிவிடுகிற நியூட்ரல் சுவிட்ச், அவற்றுக்கு நடுவிலுள்ள வயர் ஆகியவற்றில் தேட வேண்டும்.

இழுக்கும் கணத்தில் சொலினாய்டு 30 ஆம்பியருக்கு மேலும் எடுக்கக்கூடும். பழைய அமைப்பில் அவ்வளவும் சாவி சுவிட்சுக்குள்ளேயே போய்வருகிறது; ஆண்டுகள் செல்லச் செல்லச் சுவிட்சின் முனைகள் கருகி, சாவியை இருமுறை மும்முறை திருப்பினால்தான் எடுக்கும் என்ற நிலை வருகிறது. ஆகவே புதிதாக அமைக்கிறபோது ஒரு 12 வோல்ட், 70 ஆம்பியர் ரிலேயைச் சேர்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். மோட்டாரின் பெரிய போல்ட்டிலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்று, 50 ஆம்பியர் ஃபியூஸைக் கடந்து ரிலேயின் 30 எண் முனைக்கு வரட்டும். 87 எண் முனையிலிருந்து அதே கனத்து வயர் சொலினாய்டின் சிறிய முனைக்குப் போகட்டும். சாவியின் ஸ்டார்ட் முனையிலிருந்து வருகிற வெள்ளை-சிவப்பு வயர் நியூட்ரல் சுவிட்சைக் கடந்து 86-க்கு வர, 85-ஐ எர்த்தில் சேர்த்துவிட்டால், சாவி தாங்க வேண்டியது கால் ஆம்பியருக்கும் குறைவான ஓட்டமே. சாவிக்குரிய பழுப்பு வயர் 4 சதுர மில்லிமீட்டரில், 30 ஆம்பியர் ஃபியூஸோடு தனியே அதே போல்ட்டிலிருந்து புறப்பட வேண்டும். ஃபியூஸ்கள் போல்ட்டுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னாலுள்ள வயருக்குக் காவல் இல்லை. ஹீட்டர் உள்ள வண்டியில் அது 10 ஆம்பியருக்கு மேல் எடுப்பதால் தனி வயர் கொடுக்க வேண்டும். நம் சமவெளியில் கொல்லிமலை அடிவாரத்து மார்கழிக் காலை நீங்கலாக அதற்கு வேலை குறைவு.

நியூட்ரல் சுவிட்ச் இருக்கிற வண்டியில் அதைத் துண்டித்து இரு வயரையும் முறுக்கிவிடுவதை எந்தக் காரணத்தாலும் செய்யக் கூடாது. அந்தச் சுவிட்சையே தாண்டி, பக்கவாட்டில் நின்றுகொண்டு, ஸ்க்ரூடிரைவரைச் சொலினாய்டின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைத்துப் பொறி பறக்க எஞ்சினை எழுப்புகிற வழக்கம் ஊருக்கு ஊர் உண்டு. வண்டி கியரில் இருந்தால், எஞ்சின் பற்றிய அதே கணத்தில் அது நகரும். நின்றவர் இருக்கும் இடமோ முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே. உலகெங்கும் டிராக்டர் விபத்துகளில் உழவர்கள் மாண்டுபோகிற வழிகளில் இது தெரிந்த ஒன்று. இந்த அத்தியாயத்தில் வேறு எதைச் செய்யாவிட்டாலும், இந்த வழக்கத்துக்கு அவசியமே இல்லாதபடி சாவியின் வழியைச் சீராக்கிவிடுமாறும், வண்டி ஓட்டுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்குமாறும் வேண்டிக்கொள்கிறேன். சொலினாய்டின் முனைகளுக்கு ரப்பர் மூடி போட்டுவிடுவது நல்லது.

சார்ஜ் விளக்கை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிகளில் அந்தச் சிறிய பல்பின் வழியாகப் போகிற மின்சாரமே ஆல்டர்னேட்டரை விழிக்கச் செய்கிறது. பல்பு போனால் மெதுவான ஓட்டத்தில் சார்ஜ் ஏறாமலே போகலாம். எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் சரி. இன்னும் டைனமோவோடு ஓடுகிற மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் முனையை எர்த் செய்திருப்பதும் உண்டு. புதுப் பேட்டரி வைக்குமுன் பழையது எந்த முனையில் எர்த் ஆகியிருந்தது என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஆல்டர்னேட்டர் வண்டியில் முனை மாறினால் அதன் டயோடுகள் அந்த இடத்திலேயே மாண்டுவிடும். டிரெய்லரையோ கலப்பையையோ வண்டியோடு கோத்தபடியே வெல்டிங் செய்யும்போதும் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவைப்பதே முறை.

எல்லாம் கோத்தபின் எர்த் கேபிளை உடனே மாட்டிவிடாமல், நெகட்டிவ் முனைக்கும் அந்தக் கேபிளுக்கும் நடுவே 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். சாவி அணைந்திருக்கையில் பல்பு எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பல்பு அந்த ஓட்டத்தைத் தடுத்துக்கொள்வதால் வயர் கருகாது, நிதானமாகத் தேடலாம். எரியாவிட்டால் கேபிளை மாட்டி முடுக்கி, கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதிசெய்து, ஸ்டாப் குமிழை இழுத்துவிட்டு, ஐந்து வினாடி செல்ஃப் அடித்து நிறுத்தி, ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுடுகிற இணைப்பு மட்டமான இணைப்பு. அதைக் கழற்றி மறுபடி செய்ய வேண்டும். பிறகு முன்பு குறித்த இடங்களில் மீண்டும் அளந்து, பழைய எண்களின் பக்கத்தில் புதியவற்றை எழுதிக்கொள்ளலாம். எக்காலத்திலும் பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காமல், அரை நிமிஷமாவது மோட்டாரை ஆறவிட வேண்டும்.

பாதையில் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கி, பேட்டரியும் நிறைந்திருந்து, மோட்டாரின் பெரிய போல்ட்டில் செல்ஃப் அடிக்கும்போது பத்து வோல்ட்டுக்கு மேல் நின்றும் மோட்டார் சோம்பினால், அப்போதுதான் அதைக் கழற்ற வேண்டும். கடைக்காரரிடம் ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், அந்தத் தாளையும் நீட்டி, கார்பன், புஷ், ஆர்மேச்சர், சொலினாய்டின் செம்பு முனைகள் ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும். மாற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவதும் நல்லது.